முட்டையும் சேர்க்காத அம்மாவை இத்தாலிய உணவகத்துக்கு அழைத்துச் செல்வது எப்படி?

அப்பாவின் அறுபதாம் கல்யாணம் கோயிலில் நல்லபடியாக முடிந்துவிட்டது, அடுத்த வாரம் குடும்பத்தோடு எட்டுப் பேர் கோலாலம்பூரின் பங்சாரில் வீட்டுக்கு அருகே இருக்கும் சிறிய இத்தாலிய உணவகத்தில் இரவு உணவு உண்ண விரும்புகிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா முட்டையும் சேர்க்காத சைவம். அப்பா கோழி, மீன், ஆடு சாப்பிடுவார், மாட்டிறைச்சியைத் தொடமாட்டார். பிள்ளைகளுக்கு பீட்சா வேண்டும். வாசலில் ‘பன்றி இறைச்சி இல்லை’ என்று அறிவிப்பு இருப்பதால் பயமின்றிப் போகலாமா, அம்மா வயிறாரச் சாப்பிட எதை வரவழைப்பது, பில் எவ்வளவு கூடும் என்பவை உங்கள் கேள்விகள்.

கோலாலம்பூரில் இத்தாலிய உணவகச் சமையலறைகளில் பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். தாராளமாகப் போகலாம். அம்மாவும் அப்பாவும் மற்றவர்களைப் போலவே நிறைவாகச் சாப்பிட்டுவிட்டு வரலாம். ஆனால் அதற்கு வாசலில் உள்ள அறிவிப்பை நம்பினால் போதாது. உணவுப் பட்டியலில் ஒரு பெயருக்கு அருகே போட்டிருக்கும் பச்சை இலைப் படத்தை நம்பினாலும் போதாது. சமையலறையிடம் நான்கைந்து கேள்விகளை நேராகக் கேட்க வேண்டும். நம் குடும்பங்களில் பலர் கேட்கக் கூச்சப்பட்டே பெரியவர்களை ரொட்டியும் உருளைக்கிழங்குப் பொரியலும் தின்னவைத்து வீட்டுக்கு அழைத்து வருகிறார்கள். அதைப் பல ஆண்டுகள் உள்ளிருந்து பார்த்து வருந்தியிருக்கிறேன்.

முதலில் அந்த அறிவிப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம்மவர்கள் அதிகமாக ஏமாறும் இடம் அதுதான். மலேசிய அரசின் இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிம் வழங்கும் ஹலால் சான்றிதழ் என்பது வேறு, ‘பன்றி இறைச்சி இல்லை’ என்று கடைக்காரர் தாமே எழுதி வைப்பது வேறு. இரண்டாவது வகைக் கடையில் மது பரிமாறப்படலாம். இந்த வேறுபாடு ஓரளவு எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்த இரண்டுமே மாட்டிறைச்சியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. உண்மையில், பன்றி இறைச்சியை விலக்கும் இத்தாலியச் சமையலறையில் மாட்டிறைச்சியின் பயன்பாடு கூடுகிறது. இத்தாலியில் கார்பொனாரா என்பது முட்டை, பெக்கொரினோ பாலாடைக்கட்டி, பன்றியின் கன்னத்தசையைப் பதப்படுத்திச் செய்யும் குவாஞ்சாலே ஆகியவற்றால் ஆனது. நம் நாட்டில் அந்தப் பன்றியிறைச்சிக்குப் பதிலாகப் பெரும்பாலும் மாட்டிறைச்சி பேக்கன் போடுகிறார்கள். சில கடைகளில் வான்கோழி, சில கடைகளில் புகையிட்ட வாத்து. பிள்ளைகள் விரும்பிக் கேட்கும் பெப்பரோனி பீட்சாவிலும் இங்கே பெரும்பாலும் மாட்டிறைச்சிதான். (இத்தாலிய மொழியில் ‘பெப்பரோனி’ என்றால் குடைமிளகாய், அந்தப் பெயரில் வழங்கும் இறைச்சி அமெரிக்காவில் பிறந்தது.) பொலொனேஸே பற்றிக் கேட்கவே தேவையில்லை. 1982-இல் பொலோனா நகர வணிகச் சபையில் பதிவு செய்யப்பட்ட அந்தக் குழம்பின் செய்முறையே மாட்டிறைச்சியில்தான் தொடங்குகிறது. லசான்யாவின் அடுக்குகளுக்கு இடையே ஊற்றப்படுவதும் அதே குழம்புதான்.

ஆகவே அப்பாவுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் கேட்க வேண்டிய கேள்வி, “பன்றி இறைச்சி இருக்கிறதா” என்பது அன்று. “பேக்கன், பெப்பரோனி, சாசேஜ் ஆகியவை எந்த இறைச்சி” என்பதே. மலாயில் கேட்டால் இன்னும் கவனம் வேண்டும். ‘டாகிங்’ என்ற சொல்லுக்கு அகராதியில் இறைச்சி என்று பொருள் இருந்தாலும், நம் நாட்டு உணவுப் பட்டியல்களில் அது மாட்டிறைச்சியையே குறிக்கும். பட்டியல் இத்தாலிய மொழியில் இருந்தால் ‘மான்ஸோ’ என்பது மாடு, ‘விட்டெல்லோ’ என்பது கன்று, ‘ப்ரெசாவொலா’ என்பது உலர்த்திய மாட்டிறைச்சி, ‘ஒஸ்ஸொபூக்கோ’ என்பது கன்றின் கால். ‘பொல்லோ’ கோழி, ‘அன்யெல்லோ’ ஆட்டுக்குட்டி, ‘காம்பெரி’ இறால். இவற்றைக் கைப்பேசியில் குறித்து வைத்துக்கொண்டால், மங்கலான விளக்கொளியில் சிறிய எழுத்தைப் படிக்க முடியாமல் தவிக்கும் அப்பாவுக்கு நீங்களே படித்துச் சொல்லிவிடலாம்.

அம்மாவின் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே ஒளிந்திருப்பவை இறைச்சித் துண்டுகள் அல்ல, கண்ணுக்குத் தெரியாத நீர்மங்களும் தூள்களும். அவற்றில் முதலாவது எலும்புச் சாறு. நான் வேலை செய்த ஒரு சமையலறையில், அடுப்பின் பின்வரிசையில் காலை முதல் இரவு வரை கோழி எலும்புச் சாறு கொதித்துக்கொண்டே இருக்கும். அரிசியைச் சாறு ஊற்றிக் கிண்டிச் செய்யும் ரிசோட்டோ எதுவாக இருந்தாலும் அகப்பை அந்தப் பானைக்குள்தான் போகும். ஒரு புரட்டாசி மாத இரவில் காளான் ரிசோட்டோவுக்கு ஒரு சீட்டு வந்தது, ‘வெஜ்’ என்று மட்டும் எழுதி. காளான்தானே, இறைச்சி இல்லையே என்று வழக்கம்போலவே கிண்டிக் கொடுத்தேன். தட்டு சுத்தமாகத் திரும்பி வந்தது. அதைச் சாப்பிட்டவர் விரதமிருந்த ஒரு பாட்டி என்று பரிமாறியவர் பிறகுதான் சொன்னார். அந்த மூதாட்டிக்கு இன்றுவரை அது தெரியாது. எனக்குத் தெரியும், அது இன்னும் உறுத்துகிறது. பரிமாறிய இளைஞர் மீதும் குற்றமில்லை. பல ஊர்களிலிருந்து வந்து இங்கே வேலை செய்பவர்களுக்கு ‘வெஜிடேரியன்’ என்றால் தட்டில் இறைச்சித் துண்டு இருக்கக் கூடாது என்பது மட்டுமே பொருளாகப் படுகிறது. நாம் ‘சைவம்’ என்று சொல்லும்போது நினைப்பது அனைத்தையும் அந்த ஒரு சொல் சுமந்து செல்வதில்லை. எனவே ரிசோட்டோ, மினெஸ்ட்ரோனே சூப், காளான் சூப் ஆகிய மூன்றையும் “எந்தச் சாற்றில் செய்கிறீர்கள்” என்று கேட்காமல் அம்மாவுக்கு வரவழைக்க வேண்டாம். காய்கறிச் சாற்றில் செய்து தர முடியும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டால் ரிசோட்டோ அம்மாவுக்கு மிகவும் பிடிக்கும் என்றே நினைக்கிறேன். அரிசியின் மாவுச்சத்து வெளியேறிக் குழைந்து வரும் அந்தப் பதம் நம் வெண்பொங்கலுக்கு வெகு தூரத்தில் இல்லை. வைன் ஊற்றாமல் செய்யச் சொல்லவும் மறக்காதீர்கள், ஏனெனில் செய்முறையின் தொடக்கத்திலேயே அரிசியில் ஒரு கரண்டி வெள்ளை வைன் சேர்ப்பது வழக்கம்.

முட்டையைப் பொறுத்தவரை ஒரு நல்ல செய்தி இருக்கிறது. கடையில் பெட்டியில் விற்கும் உலர்ந்த ஸ்பகெட்டி, பென்னே போன்றவை பெரும்பாலும் டூரம் கோதுமை ரவையும் நீரும் மட்டுமே சேர்த்துச் செய்யப்படுபவை. ஆனால் ‘எங்கள் கடையிலேயே பிசைந்து செய்தது’ என்று பெருமையோடு எழுதியிருக்கும் புதுப் பாஸ்தாவில், குறிப்பாகத் தாலியாத்தெல்லே, ஃபெத்துச்சினே, ரவியோலி, லசான்யாத் தாள்கள் ஆகியவற்றில், அநேகமாக முட்டை இருக்கும். வட இத்தாலியில் மாவை நீருக்குப் பதில் முட்டையில் பிசைவதே மரபு. உருளைக்கிழங்கில் செய்யும் நியோக்கியிலும் சிலர் முட்டை சேர்ப்பார்கள். ஆக, விலை குறைந்த உலர்ந்த பாஸ்தாவே அம்மாவுக்கு ஏற்றது. “உலர்ந்த ஸ்பகெட்டியில் செய்து தாருங்கள்” என்று கேட்டால் எந்தச் சமையலறையும் மறுக்காது. நாப்போலி முறையில் செய்யும் பீட்சா மாவில் கோதுமை மாவு, நீர், உப்பு, ஈஸ்ட் ஆகிய நான்கு மட்டுமே உண்டு. முட்டையோ பாலோ கிடையாது. 

பாலாடைக்கட்டியைப் பற்றிச் சொல்லும்போது கொஞ்சம் தயங்குகிறேன், ஏனென்றால் பல ஆண்டுகளாக வாரந்தோறும் பீட்சா சாப்பிட்டுவரும் சைவக் குடும்பங்களுக்கு இது மனவருத்தம் தரக்கூடும். ஆனாலும் சொல்லியாக வேண்டும். பாலைத் திரித்துக் கட்டியாக்க ரென்னெட் என்ற உறைபொருள் தேவை. நாம் பார்மேசான் என்று சொல்லும் பார்மிஜானோ ரெஜ்ஜானோவுக்கு அது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்பட வேண்டும் என்பது அந்தப் பெயரைக் காக்கும் விதியிலேயே இருக்கிறது. கிரானா படானோவும் கன்றின் உறைபொருளால் செய்யப்படுவதுதான். அதில் முட்டையின் வெண்கருவிலிருந்து எடுக்கும் லைசோசைம் என்ற பொருளும் வழக்கமாகச் சேர்க்கப்படுகிறது. பெக்கொரினோ ரொமானோவுக்கு ஆட்டுக்குட்டியின் இரைப்பை. மாறாக, இன்று தொழிற்சாலைகளில் தயாராகும் மொசரெல்லாவில் பல வகைகள் நுண்ணுயிரிலிருந்து பெறும் உறைபொருளால் செய்யப்படுபவை. அட்டையைப் பார்த்துச் சொல்லும்படி கடையில் கேட்கலாம். மஸ்கார்ப்போனே அமிலத்தால் திரிக்கப்படுவதால் அதற்கு ரென்னெட்டே வேண்டியதில்லை. இதை அம்மாவிடம் மறைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. சிலர் ‘பால் பொருள்தானே’ என்று ஏற்றுக்கொள்வார்கள், சிலர் விட்டுவிடுவார்கள். அது அவர் எடுக்க வேண்டிய முடிவு, பிள்ளைகள் எடுக்க வேண்டிய முடிவு அன்று. அவர் வேண்டாம் என்றால், சமையலறையிடம் பார்மேசான் தூவ வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், ஏனெனில் கேட்காமலேயே ஒவ்வொரு தட்டின் மீதும் அதைத் துருவிப் போடுவது பரிமாறுபவரின் அன்பான பழக்கம்.

இன்னொன்று நெத்திலி. சீசர் சாலட்டின் குழம்பிலும் புத்தனெஸ்கா சாஸிலும் உப்பிட்ட ஆஞ்சோவி கரைந்திருக்கும். அது நம் நெத்திலியின் குடும்பத்தைச் சேர்ந்த மீன்தான். சாலட் என்ற பெயரை நம்பி அம்மாவுக்குச் சீசர் சாலட் சொல்லிவிடாதீர்கள். எண்ணெயில் பொரிப்பவற்றிலும் எச்சரிக்கை தேவை: கணவாய் பொரித்த அதே எண்ணெயில்தான் உருளைக்கிழங்கும் பொரியும், சிறிய சமையலறையில் இரண்டாவது சட்டிக்கு இடமிருக்காது.

பச்சை இலையை அரைத்துச் செய்யும் பெஸ்தோ சாஸைப் பற்றிப் பெரியவர்களுக்கு ஒரு தனிச் சந்தேகம் எழுவதைக் கண்டிருக்கிறேன். துளசியை அரைத்துச் சாப்பிடுவதா என்று ஒரு மாமி கையை எடுத்துவிட்டார். அது துளசி அன்று. அதன் உடன்பிறப்பான திருநீற்றுப்பச்சை. மலாயில் ‘செலாசி’ என்பார்கள். நம் நாட்டுப் பானங்களில் மிதக்கும் சப்ஜா விதை அதன் விதைதான். இதைச் சொன்ன பிறகு அந்த மாமி அந்த இலையை முகர்ந்து பார்த்துச் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார். ஆனால் பெஸ்தோவில் பார்மிஜானோவும் பெக்கொரினோவும் சேர்த்தே அரைக்கப்படுகின்றன, பிறகு பிரிக்க முடியாது என்பதால் மேலே சொன்ன முடிவு இங்கும் பொருந்தும். ஓரிகானோ பற்றியும் அப்படியே: நசுக்கி முகர்ந்தால் கற்பூரவள்ளி வாசம் வரும், இரண்டிலும் ஒரே வகை நறுமணப் பொருள்கள் இருப்பதுதான் காரணம். தெரிந்த ஒரு வாசம் கிடைத்தால் பெரியவர்களுக்கு அந்த மேசை அந்நியமாகத் தோன்றுவதில்லை.

அப்படியானால் என்ன வரவழைக்கலாம்? என் அம்மாவாக இருந்தால் இப்படிச் செய்வேன். தொடக்கத்தில் தக்காளி ப்ருஸ்கெத்தா, அதாவது சுட்ட ரொட்டியின் மீது தக்காளி வைத்தது, எல்லோருக்கும் பொதுவாக. பிறகு உலர்ந்த ஸ்பகெட்டியில் ஆல்யோ ஒல்யோ, அதாவது பூண்டும் காய்ந்த மிளகாயும் ஆலிவ் எண்ணெயில் பொரித்துக் கலந்தது. நம் நாக்குக்கு இதைவிட நெருங்கிய இத்தாலிய உணவு வேறில்லை. இறால், நெத்திலி, பார்மேசான் மூன்றும் இல்லாமல் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே பல கடைகளில் கேட்காமலேயே இறால் சேர்த்துவிடுகிறார்கள். தக்காளிக் காரம் பிடித்தால் அர்ராபியாத்தா. பீட்சாவில் மரினாரா என்று ஒன்று உண்டு: தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய், அவ்வளவுதான், பாலாடைக்கட்டியே கிடையாது. பட்டியலில் இல்லாவிட்டாலும் கேட்டால் செய்து தருவார்கள். கத்தரிக்காய் பார்மிஜானா சுவையானது, ஆனால் சில கடைகளில் கத்தரிக்காயை முட்டையில் தோய்த்துப் பொரிக்கிறார்கள். அப்பாவுக்கு முழுதாகச் சுட்ட சியாக்காப் மீன் எலுமிச்சையோடு, அல்லது மெதுவாக வேகவைத்த ஆட்டுக்கால். பிள்ளைகளுக்கு மார்கெரீத்தா ஒன்றும், கோழியும் காளானும் போட்ட பீட்சா ஒன்றும். தட்டுகளை நடுவில் வைத்துப் பகிர்ந்துகொள்ளுங்கள். அம்மாவின் பீட்சாவை மட்டும் தனிக் கத்தியால் வெட்டித் தரச் சொல்லுங்கள்.

வேகும் பதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாஸ்தாவை ‘அல் தெந்தே’ என்று, பல்லில் சற்றே தட்டுப்படும்படி இறக்குவது இத்தாலியப் பழக்கம். செயற்கைப் பல் கட்டியிருக்கும் ஒருவருக்கு அது வேகாத உணவாகவே தோன்றும். இன்னும் இரண்டு நிமிடம் வேகவைக்கச் சொல்வதில் எந்த அவமதிப்பும் இல்லை. எங்களுக்கு அது ஒரு வேலையே அன்று. அப்பாவுக்குக் காரம் போதவில்லை என்றால் நறுக்கிய சிலி பாடி, அதாவது சின்னக் கார மிளகாய், கேளுங்கள். பட்டியலில் இருக்காது, ஆனால் ஊழியர்கள் தாங்கள் சாப்பிடுவதற்காகச் சமையலறையில் எப்போதும் வைத்திருப்பார்கள்.

இவை அனைத்தையும் மேசையில் உட்கார்ந்த பிறகு, வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு, கடை நிரம்பி வழியும்போது கேட்டால் நல்ல பதில் கிடைக்காது. இரண்டு நாளுக்கு முன்பே, மதிய உணவு வேளை ஓய்ந்த பிறகு மூன்றிலிருந்து ஐந்து மணிக்குள் அழையுங்கள். தலைமைச் சமையல்காரரிடமோ மேலாளரிடமோ பேச வேண்டும் என்று சொல்லுங்கள். ‘ஒருவர் சைவம்’ என்று முடித்துவிடாமல், “இறைச்சி, மீன், முட்டை, எலும்புச் சாறு, ஜெலட்டின் எதுவும் கூடாது, பூண்டு, வெங்காயம், பால் கூடும்” என்று கூடுவதையும் கூடாததையும் சேர்த்துச் சொல்லுங்கள். நம் நாட்டில் சீன பௌத்தர்களின் சைவத்தில் பூண்டும் வெங்காயமும் விலக்கு என்பதால், சொல்லாவிட்டால் அம்மாவுக்குப் பூண்டே இல்லாத ஆல்யோ ஒல்யோ வந்து சேரலாம். முடிந்தால் வார நாளில், மாலை ஆறரைக்கே மேசை பிடியுங்கள். அந்நேரத்தில் சமையலறைக்குத் தனிச் சட்டி எடுத்துச் சமைக்கப் பொழுதிருக்கும், பெரியவர்களை வாசலில் இறக்கிவிட்டு வண்டி நிறுத்த உங்களுக்கும் இடமிருக்கும். உணவுகள் வரும் வரிசையையும் நீங்களே சொல்லிவிடுங்கள். நாப்போலி முறை அடுப்பு 400 பாகை செல்சியஸைத் தாண்டிக் கனன்றுகொண்டிருக்கும், பீட்சா 60 முதல் 90 விநாடியில் வெந்துவிடும். ரிசோட்டோவுக்கோ இருபது நிமிடம் வேண்டும். சொல்லாவிட்டால் பேரப்பிள்ளைகள் சாப்பிட்டு முடித்த பிறகும் பாட்டி வெறும் தட்டோடு காத்திருப்பார்.

பில்லைப் பற்றி: பட்டியலின் அடியில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 6 விழுக்காடு சேவை வரியும் மேலே சேரும் என்று பொருள். 2024 மார்ச்சில் பல சேவைகளுக்கு வரி 8 விழுக்காடாக உயர்ந்தபோதும் உணவுக்கும் பானத்துக்கும் 6 விழுக்காடே நீடித்தது. 300 வெள்ளிக்கு (ரிங்கிட்) சாப்பிட்டால் ஏறத்தாழ 348 வெள்ளி கட்டுவீர்கள். ஆண்டு விற்பனை 15 இலட்சம் வெள்ளியைத் தாண்டாத சிறிய கடைகள் அந்த வரியை வசூலிப்பதில்லை. சேவைக் கட்டணம் கட்டிய பிறகு மேலும் அன்பளிப்பு வைக்க வேண்டிய கட்டாயமில்லை; தனிச் சட்டியில் சமைத்துத் தந்தவருக்கு நன்றி சொல்ல விரும்பினால் அது உங்கள் மனம்.

பெற்றோர் ‘நமக்கு எதற்கு அந்த இடமெல்லாம்’ என்று தயங்குவார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். பங்சார் என்ற பெயரே புங்கே, கிரிசார் என்ற இருவரின் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தது. இன்று மேசை விரிப்பும் மெழுகுவத்தியுமாக இருக்கும் அந்தக் கடைவரிசையைச் சுற்றியுள்ள மண்ணில் பால் வெட்டியவர்கள் நம் முன்னோர்கள். அந்த மேசையில் அவர்கள் விருந்தாளி போல ஒடுங்கி உட்கார வேண்டிய தேவையில்லை என்பதை அப்பாவிடம் நீங்கள் சொல்லலாம்.

இனிப்பில் கவனமாக இருங்கள். திராமிசுவில் பச்சை முட்டை மஞ்சள்கரு, முட்டை சேர்த்த பிஸ்கோத்து, சில கடைகளில் மர்சாலா மதுவும் உண்டு. பன்னா கோத்தா உறைவது ஜெலட்டினால், அது பன்றியிலிருந்தோ மாட்டிலிருந்தோ வருவது. ஹலால் கடையில் அது மாட்டினுடையதாக இருக்கலாம் என்பதால் அப்பாவுக்கும் ஆகாது. ஜெலாத்தோவில் சில வகைகளுக்கு மஞ்சள்கரு சேர்ப்பார்கள். அம்மாவுக்கு எலுமிச்சை சொர்பெத்தோ சொல்லுங்கள்: பழச்சாறு, நீர், சர்க்கரை என்பதே அதன் மரபான செய்முறை, ஆனாலும் சிலர் வெண்கரு அடித்துச் சேர்ப்பதால் அதையும் அந்தத் தொலைபேசி அழைப்பிலேயே கேட்டுவிடுங்கள். அப்பாவுக்காக வெளியிலிருந்து முட்டையில்லாத கேக் கொண்டுபோகப் போகிறீர்கள் என்றால் அதையும் அப்போதே சொல்லுங்கள். சில கடைகள் வெட்டித் தருவதற்குக் கட்டணம் வாங்கும், முன்பே பேசினால் பெரும்பாலும் விட்டுக்கொடுப்பார்கள், குளிர்பெட்டியில் மீன் வாடை படாத தட்டில் இடமும் ஒதுக்கி வைப்பார்கள்.